ஹங்கேரி ரோட்டில் பரப்பிய கோதுமை

பத்மாவதி அம்மாள் தட்டை வைத்துவிட்டார். கேழ்வரகு அடையும் முருங்கைக்கீரைப் பொரியலும். மணி ஐந்தேகால் இருக்கும். ஜன்னல் வழியாக வந்த வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது.

திண்டிவனத்தில் அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. செஞ்சிப் பக்கம் வல்லத்திலிருந்து வந்த சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒரு பருக்கை படாது. அதனால் சனிக்கிழமைகளில் நான் விழுப்புரத்திலிருந்து நாலு மணிக்குள் போய்விடுவேன். பத்திரிகை வேலையை முடித்தால்தான் சார் நேரத்தோடு சாப்பிட முடியும்.

"கை கழுவிக்கினு வாங்க. பொழுது போயிட்டா அப்பறம் காலைலதான்" என்றார் பத்மாவதி அம்மாள்.

"இரு. மங்கைம்மா தபால் கொண்டாந்துருக்காங்க. ஒரு கண்ணு பாத்துட்டு வந்துர்றேன்" என்றார் அவர் கணவர் தரணேந்திரன் சார்.

"சாப்ட்டு வந்து பாருங்க சார். ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

அவசரமில்லை என்றது பொய். என் கைப்பைக்குள் ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு கடிதம் ஒன்பது நாளாகக் கிடந்தது. அதைப் படித்தால் அவர் சாப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இந்த வாரத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட நாளிலேயே இந்த அத்தியாயம் வரும் என்று தெரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் கதைகளை இழுத்து இழுத்து மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். இனி ஓட்ட முடியாது. உட்கார்ந்து எழுதவே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நோவா தாகோ

எண்பதுகளின் தொடக்கம். நான் விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஆறு மிஷின். அதில் ஒன்று எப்போதும் படுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வராத மத்தியான நேரத்தில் வெளி வேலை எடுத்துச் செய்வேன். கோர்ட்டு நகல், சங்கத்து நோட்டீஸ், கூட்டுறவு பேங்க் சுற்றறிக்கை.

ஒரு நாள் வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனாவோடு ஒருவர் வந்தார். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர் என்றார். எட்டுப் பக்கம் ஸ்டென்சில் வெட்ட வேண்டும், அதாவது நகல் எடுக்கிற மெழுகுத்தாளில் டைப் அடித்துத் தர வேண்டும் என்று காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷ் எழுத்துத்தான். ஆனால் ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"என்ன பாஷை சார் இது?"

"எஸ்பெராண்டோ. எந்த நாட்டுக்காரனுக்கும் சொந்தம் கெடையாது. அதனாலயே எல்லாருக்கும் சொந்தம்."

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் உட்கார்ந்து செய்த பாஷையாம். உலகத்தில் யாரும் யாரோடும் சரிசமமாகப் பேச வேண்டும் என்பதற்காகச் செய்ததாம். சார் அதைத் தபாலில் பாடம் வாங்கிப் படித்திருக்கிறார். அந்தப் பாஷையில் ஒரு மாதச் செய்திப் பத்திரிகை தொடங்கப்போகிறேன் என்றார். பெயர் நோவா தாகோ. புதிய நாள் என்று அர்த்தம்.

இந்தப் பெயரை எங்கள் தெருத் தபால்காரர் ஏழுமலை ஒரு வழி பண்ணிவிட்டார். முதல் முறை அந்தப் பெயர் போட்ட வெளிநாட்டுக் கவரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாருக்கும்மா நோவு? யாருக்கு தாகம்?" என்றார். அதற்குப் பிறகு ஏழு வருஷமும் மாடிப்படி ஏறும்போதே, "நோவு வந்துருக்குதும்மா!" என்று கத்திக்கொண்டுதான் வருவார். இன்ஸ்டிடியூட் பிள்ளைகள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிக்கும்.

பத்திரிகையின் முகவரி என் இன்ஸ்டிடியூட் முகவரிதான். திண்டிவனத்தில் வெளிநாட்டுத் தபாலாக வந்து குவிந்தால் தலைமையாசிரியர் ஆயிரம் கேள்வி கேட்பார் என்று சாருக்குத் தயக்கம். விழுப்புரம் ஜங்ஷன் ஆனதால் தபாலும் ஒரு நாள் முந்திக் கிடைக்கும். ஆக, கடிதமெல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பி வைக்கிற வேலை

அந்தப் பாஷையில் சில எழுத்துகளுக்குத் தலையில் ஒரு குட்டித் தொப்பி உண்டு. நம் ஊர் மிஷினில் அது ஏது? முதலில் ஸ்டென்சில் முழுவதையும் தொப்பியில்லாமல் அடித்துவிடுவேன். பிறகு ஜன்னல் கண்ணாடிமேல் ஒட்டி வைத்து, வெளிச்சத்தில், எழுத்தாணி மாதிரியான ஊசிப் பேனாவால் ஒவ்வொரு எழுத்துக்கும் தொப்பி போட வேண்டும். கை அழுந்தினால் ஸ்டென்சில் கிழியும். அழுத்தாவிட்டால் மை இறங்காது. ஒரு இதழுக்கு ஆயிரத்துக்குக் குறையாது.

இப்படித் தொப்பி வைத்து வைத்தே எனக்கு அந்தப் பாஷை வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வருஷத்தில், சார் எழுதியதில் தப்பு இருந்தால் எனக்கே உறுத்தும். "சார், இங்க ஒரு வார்த்த விட்டுப்போச்சு" என்றேன் ஒருநாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் ஒரு பழைய அகராதியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

திண்டிவனத்தில் சார் வீட்டு முன்னறையில், ஸ்டென்சிலில் மை ஏற்றி நகல் எடுக்கிற சைக்ளோஸ்டைல் மிஷின். அவர் சுற்றுவார், நான் காகிதம் எடுத்துக் காயப்போடுவேன், பத்மாவதி அம்மாள் மைதாப் பசை காய்ச்சி மேலுறை ஒட்டுவார். அந்த அம்மாளுக்கு இந்தப் பத்திரிகைமேல் பெரிய மரியாதை கிடையாது. "இவ்ளோ மெனக்கெட்டு மல்லாட்டை உரிச்சிருந்தா ரெண்டு மூட்டை தேறும்" என்பார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. ஆனால் ஒரு உறைகூடக் கோணலாக ஒட்டமாட்டார்.

கண்ணால் கண்டது

சார் முதல் இதழிலேயே ஒரு விதி போட்டார். மற்ற பத்திரிகைகளைப் பார்த்து எழுதுவது கூடாது. ரேடியோவில் கேட்டதும் கூடாது. செய்தி அனுப்புகிறவர் தன் ஊரில் தன் கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுத வேண்டும். சொந்தப் பெயர் போட வேண்டும்.

பெரிய மனிதர்கள், மந்திரிகள், மாநாடுகள் எல்லாம் நோவா தாகோவில் வராது. புயலுக்கு அடுத்த நாள் திண்டிவனத்துச் சந்தையில் காய் விற்ற விதம் வரும். ஜப்பானில் ஒரு ஊரில் பள்ளிக்கூடம் மூடிய நாளில் மீந்து நின்ற ஒரே மாணவி அழாமல் இருந்தது வரும். பிரேசிலில் ஒரு நர்ஸ் பஸ் ஸ்டிரைக்கில் பதினாலு மைல் நடந்து வேலைக்குப் போனது வரும்.

நூற்றுச்சொச்சம் பேருக்குப் போகும். பெரும்பாலும் கப்பல் தபால். போய்ச் சேர இரண்டு மூன்று மாதமாகும். செய்தி என்று சொல்லிக்கொண்டு ஆறிப்போன சோற்றை அனுப்புகிறோமே என்று நான் கேட்டதுண்டு.

"பரவால்ல மங்கைம்மா. உண்மையா இருந்தா லேட்டா போனாலும் கெட்டுப்போவாது" என்பார்.

நான் ஏழு வருஷம் அந்தப் பத்திரிகையில் வேலை செய்தேன். என் பெயரில் ஒரு வரி வந்ததில்லை. நானும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. டைப் அடிக்கிறவளுக்குக் கண் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அப்போது கோபம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது.

இஷ்த்வான்

எங்கள் எழுத்தாளர்களில் நட்சத்திரம் என்றால் இஷ்த்வான்தான். ஹங்கேரியில் ஒரு சின்ன ரயில் சந்திப்பில் சிக்னல் வேலை பார்ப்பவர். மாதம் தவறாமல் நீல மையில் நுணுக்கி எழுதுவார். சார் கண்ணுக்கு அந்த எழுத்து எட்டாது, நான்தான் டைப் அடித்துக் கொடுப்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் வளர்க்கும் பூனை சரியாகப் பத்து மணி ரயிலுக்கு மட்டும் பிளாட்பாரத்துக்கு வருவது. பனி கொட்டிய நாளில் தண்டவாளம் எது, வயல் எது என்று தெரியாமல் எஞ்சின் டிரைவர் இறங்கி நின்றது. மனைவி மார்த்தா ப்ளம் பழத்தில் ஜாம் காய்ச்சும்போது தெருவெல்லாம் மணப்பது.

எல்லா நாட்டு வாசகரும் அவரைத்தான் கேட்பார்கள். பூனை எப்படி இருக்கிறது என்று பின்லாந்திலிருந்து ஒருவர் எழுதினார். சாருக்கோ அவர் கடிதத்தைப் படித்தால்தான் அந்தச் சனிக்கிழமை சனிக்கிழமையாக இருக்கும். "நம்ம விழுப்புரம் ஜங்ஷன் மாதிரியே இருக்குது இல்ல?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எங்கள் ஸ்டேஷனில் பூனை வந்தால் கேண்டீன்காரன் விரட்டிவிடுவான்.

ஒரு மாதம் இஷ்த்வானின் கடிதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. தபால் தாமதம் என்று நினைத்தோம்.

மூன்றாம் மாதம் ஐந்தாம் பக்கத்தில் அரைப் பக்கம் காலி. சாருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். தலைவலியோடு உட்கார்ந்திருந்தார். "இஷ்த்வான் எழுதலன்னா பத்திரிக எதுக்கு மங்கைம்மா? பேசாம ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சிருவமா?" என்றார்.

சனிக்கிழமை பஸ், ஜன்னல் வெளிச்சம், தொப்பி, மை வாசம், நோவு வந்திருக்குதும்மா என்கிற சத்தம், இதெல்லாம் இல்லாமல் எனக்கு என்ன இருந்தது? என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. பாதி நாள் வண்டியிலே, மீதி நாள் தூக்கத்திலே. பிள்ளை கிடையாது. அந்த இன்ஸ்டிடியூட்டில் a-s-d-f என்று தட்டித் தட்டியே கிழவியாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

திங்கள்கிழமை மத்தியானம் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரின் பூனை குட்டி போட்டது என்று எழுதினேன். இரண்டு பத்தி. கீழே இஷ்த்வான் என்று போட்டேன்.

சனிக்கிழமை சார் படித்துவிட்டுக் கை தட்டினார்.

பதினோரு இதழ்

ஒரு முறையோடு நிறுத்தியிருக்கலாம். அவர் அப்படிக் கை தட்டாமல் இருந்திருக்கலாம். பழியை எங்கேயாவது போட மனசு அலைகிறது, பாருங்கள்.

முதல் மூன்று மாதம் பயம். அவர் ஊர் எஸ்பெராண்டோ கிளப்புக்கு ஒவ்வொரு இதழும் போகிறது. 'நான் எழுதவில்லையே' என்று இஷ்த்வானிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும், முடிந்தது. வரவில்லை. பயம் விட்டுப்போயிற்று. பிறகு எனக்கு அது பிடிக்க ஆரம்பித்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பிடித்தது. மாதத்தில் நான்கு நாள் நான் சிக்னல்காரராக இருந்தேன். பனியில் நடந்தேன். மார்த்தாவின் ஜாம் மாதிரி உலகத்தில் இல்லை, அதற்காகவே வீட்டுக்கு ஓடுகிறேன் என்று எழுதினேன். அந்த இதழுக்கு எட்டுக் கடிதம் வந்தது.

கவர் எங்கே என்று சார் கேட்டதில்லை. தபால்தலை சேர்க்கிற பிள்ளைகள் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறார்கள், கொடுத்துவிடுகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொல்லி வைத்திருந்தேன்.

ஐந்தாவது கட்டுக்கதைக்கு விஷயம் இல்லை. திண்டிவனம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டிப் பாதி ரோட்டை அடைத்துக் கேழ்வரகுக் கதிர் பரப்பியிருந்தார்கள். அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம். தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். களத்து வேலை மிச்சம். எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இது ரோடா, உங்க வூட்டு களமா? ஒருநாள் இல்ல ஒருநாள் வழுக்கி வுட போறீங்க!"

ஓரத்தில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. "ஜல்தி போ நைனா, திரும்பி வரும்போதும் இதுமேலயே வா" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அதை அப்படியே ஹங்கேரிக்குக் கொண்டுபோனேன். கேழ்வரகைக் கோதுமை ஆக்கினேன். டிரைவர் திட்டுவதையும், துடைப்பத்தோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பதையும் மாற்றவில்லை. அந்த நாட்டில் ரோட்டில் தானியம் பரப்புவார்களா என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அறுத்தால் பரப்பத்தானே வேண்டும்?

வேடிக்கை, அது சாருக்கும் தோன்றவில்லை. உலகப் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறவர். படித்துவிட்டு, "பாத்தீங்களா? ஒலகம் ஃபுல்லா வெவசாயி ஒரே மாதிரிதான்" என்றார். முதல் பக்கத்தில் போடச் சொன்னார்.

மார்த்தாவின் கடிதம்

பதினோராவது இதழ் அனுப்பி முடித்த வாரம். ஏழுமலை வழக்கம்போலக் கத்திக்கொண்டு படியேறினார். ஹங்கேரித் தபால்தலை. நீல மை இல்லை. வேறு கையெழுத்து.

கிளப்பில் பாடம் நடத்துகிற ஒருவர், இஷ்த்வானின் மனைவிக்காக எழுதியிருந்தார். அந்த அம்மாளுக்கு எஸ்பெராண்டோ தெரியாது. கீழே கோணல் கையெழுத்தில் மார்த்தா என்று மட்டும் அந்த அம்மாளே போட்டிருந்தார்.

அந்தக் கடிதம் என்னிடம் இப்போது இல்லை. ஆனால் மறக்கக்கூடிய கடிதமா?

என் கணவர் போன வருஷக் கோடையில் கூட வேலை செய்பவர்களோடு பக்கத்து நாட்டுக் கடற்கரைக்குப் போனார். திரும்பவில்லை. மூழ்கிவிட்டார் என்கிறார்கள் சிலர். அனுமதியில்லாமல் எல்லை தாண்டிப் போய்விட்டார் என்கிறார்கள் சிலர். எங்கள் நாட்டில் அது குற்றம். போலீசுக்கும் தெரியவில்லை. போன மாதம் கிளப் ஆசிரியர் வந்து, இஷ்த்வான் இந்தியப் பத்திரிகையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார் என்றார். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னேன். என் ஜாமைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

எல்லாம் எங்கள் ஊரைப் பற்றியே இருக்கிறது. ஒன்றைத் தவிர. கோதுமையை ரோட்டில் பரப்பி பஸ்ஸை ஏற்றுவதாக எழுதியிருக்கிறார். எங்கள் நாட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பண்ணையில் போய்க் கேட்டேன், சிரித்தார்கள். அதுவும் இங்கே கோதுமை பச்சையாக நிற்கிற மாதத்தில். அப்படியென்றால், ரோட்டில் தானியம் பரப்புகிற ஏதோ ஒரு நாட்டில் அவர் இருக்கிறார். வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் எனக்கு இப்படிச் சொல்கிறார்.

அந்தக் கவரில் எந்த நாட்டுத் தபால்தலை இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். முகவரி வேண்டாம். தேடி வரமாட்டேன். உயிரோடு ஒரு நாட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

படித்து முடித்தபோது எதிரே ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர், ரிப்பன் சுத்திக்கிச்சு என்றது. நான் எழுந்துபோய் ரிப்பனைச் சரிசெய்தேன். கை நன்றாகத்தான் வேலை செய்தது.

கிழித்துப்போட்டிருக்கலாம். ஏழுமலைக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஒன்பது நாளும் தினம் அதைத்தான் நினைத்தேன். ஒரு நாட்டின் பெயரை எழுதிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த அம்மாள் நிம்மதியாக இருப்பாரே. எந்த நாடு என்று தேர்வு செய்யவும் தொடங்கிவிட்டேன். அங்கேதான் என்னைக் கண்டு எனக்கே பயம் வந்தது.

பொழுது சாய்ந்தது

ஆக, அந்தச் சனிக்கிழமை. அடை ஆறிக்கொண்டிருந்தது. சார் கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"குடுங்க மங்கைம்மா, என்ன இன்னைக்கி இப்படி பண்றீங்க?"

கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பாதியில் நாற்காலியில் உட்கார்ந்தார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உயிரோட இருக்காருய்யா மனுஷன்! பாவம் அந்தம்மா. அந்தக் கவரு எந்தப் பையன்கிட்ட குடுத்தீங்க? போயி வாங்கிட்டு வந்துரலாம். ஞாயித்துக்கெழமன்னாலும் பரவால்ல, நானும் வர்றேன்."

"கவரு இல்ல சார்."

"கிழிச்சிட்டானா?"

"கவரே வரல சார்."

அவருக்குப் புரியவில்லை. பத்மாவதி அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சமையலறை வாசலில் அப்படியே நின்றார்.

"நான் எழுதனது சார். பூனை குட்டி போட்டதுலேர்ந்து எல்லாம்."

"எல்லாமா?"

"பதினோரு மாசம்."

"ரோட்ல கோதுமை?"

"அது விக்கிரவாண்டி தாண்டி பாத்தது சார். கேப்பை. பஸ்ல வரும்போது."

தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். சுவரில் வெயில் விட்டத்துக்கு ஏறிவிட்டது.

"சாப்புட்டு பேசக்கூடாதா? எது எப்படியோ, வயித்த காயப்போட்டா சரியாப்பூடுமா?" என்றார் பத்மாவதி அம்மாள். அவர் குரல் இறங்கிப்போய் இருந்தது.

"நான் ஜியாகரபி வாத்தியாரு" என்றார் சார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "பங்குனி மாசம் அங்க கோதுமை அறுப்பு வராதுன்னு எட்டாங்கிளாஸ் பையனுக்கு சொல்லித் தர்றேன். மொதப் பக்கத்துல போடுன்னு நான்தான் சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். திட்டவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. சுவரிலிருந்து வெயில் போய்விட்டது. பத்மாவதி அம்மாள் வந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலை வரை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"ரெண்டு எழுதணும்" என்றார் சார். "ஒண்ணு அந்தம்மாவுக்கு. ஒண்ணு பத்திரிகைல. ரெண்டையும் நீங்கதான் எழுதணும்."

கடைசி இதழ்

மார்த்தாவுக்கு ஏர்மெயிலில் எழுதினேன். உங்கள் கணவரிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறகு வந்ததெல்லாம் நான் எழுதியது. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தானியம் பரப்பிய ரோடு எங்கள் ஊர் ரோடு. ஜாமைப் பற்றி எழுதியதும் நான்தான். அந்தக் கடைசி வரியை மூன்று முறை கோடு போட்டு அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அதையாவது அந்த அம்மாளிடம் விட்டு வைத்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

அடுத்த இதழ் எட்டுப் பக்கம் இல்லை, ஒரே தாள். ஒரு பக்கத்தில் என் ஒப்புதல் வாக்குமூலம். முதல் முறையாக என் பெயர் நோவா தாகோவில் வந்தது அப்படித்தான். மறுபக்கத்தில் நான்கு வரியில் சார் எழுதியிருந்தார்: எழுதியவர் ஒருவர், பார்க்காமல் வெளியிட்டவன் நான், குற்றம் இருவருடையது. என் பொய்க்கு நானே ஸ்டென்சில் வெட்டி, ஜன்னலில் ஒட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் தொப்பி வைத்தேன். பத்மாவதி அம்மாள் பசை காய்ச்சினார். மூன்று பேரும் உட்கார்ந்து ஒட்டினோம்.

சிலர் ஆறுதல் எழுதினார்கள். சிலர் பழைய இதழ்களையெல்லாம் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். பூனையைப் பற்றிக் கேட்டிருந்த பின்லாந்துக்காரர் ஒரே வரி எழுதினார்: "குட்டிகளும் பொய்யா?"

"இனிமே சனிக்கெழம வரவேணாம் மங்கைம்மா. தேவைன்னா சொல்லி அனுப்பறேன்" என்றார் சார். சொல்லி அனுப்பவில்லை. பல வருஷம் கழித்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை பார்த்தேன். உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டாரா என்று விசாரித்தார். பஸ் வந்துவிட்டது.

பத்திரிகை நின்று நான்கு மாதம் கழித்து மார்த்தாவின் பதில் வந்தது. இந்த முறை ஏழுமலை கத்தவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதே கிளப் ஆசிரியரின் கையெழுத்து.

அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். இஷ்த்வான் கேட்டுக்கொண்டுதான் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, முன்பின் தெரியாத நீங்கள் பழியைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள். பெயரையும் அச்சில் போட்டுக்கொண்டீர்கள். இதை நான் மறக்கமாட்டேன். எனக்குக் கோபம் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அவருடைய குளிர்காலக் கோட்டு இங்கேயே தொங்குகிறது. அவர் இருக்கிற இடத்தில் குளிருமா என்று மட்டும் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

இரண்டு நாள் மிஷினில் காகிதத்தை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை, அவர் சொல்லவில்லை, எல்லாம் நான்தான் என்று இன்னொரு முறை எழுதினால், அதையும் இஷ்த்வான் சொல்லித்தான் எழுதியதாக மார்த்தா நினைப்பார். எழுதாமல் விட்டால், எழுத வேண்டாம் என்று இஷ்த்வான் சொல்லிவிட்டதாக நினைப்பார்.

மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மிஷின் தேவைப்பட்டது. ஒன்றும் எழுதாத காகிதத்தை உருவி எடுத்துவிட்டேன்.